ஆசனூர்ப் பண்ணைவீடு: நீச்சல் குளம் கிடையாது, களி உண்டு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் கோபிக் கடைவீதியில் மத்தியானம் ஆள் நடமாட்டமே இருக்காது. கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டுவதற்கு, சனி ஞாயிறு வடக்கே மலையேறிவிடலாம் என்று வீட்டில் பேச்சு கிளம்பும். ஊட்டியா, சத்தியமங்கலம் மலைமேல் இருக்கும் ஆசனூரா என்பதுதான் கேள்வி. மே மாதம் இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போய் வண்டி வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஆசனூர்.

தங்கியது ஒரு பண்ணைவீட்டில். பெயர் போட வேண்டாம் என்று நடத்துகிற அக்காவே கேட்டுக்கொண்டார். ரீல்ஸ் கூட்டம் வந்து நின்றுவிடும் என்று பயப்படுகிறார். ஊருக்குள் டீக்கடையில் "களி போடற அக்கா வீடு" என்று கேளுங்கள், வழி சொல்வார்கள்.

முதலில் போன். ஆன்லைனில் புக் செய்ய வழியே இல்லை. அட்வான்ஸ் பற்றிப் பேசுவதற்கு முன்பே அக்கா நேரத்தைத்தான் பேசினார். ஆசனூருக்கு ஏறும் திம்பம் மலைப்பாதையில் இரவு 9 முதல் காலை 6 வரை வெளியூர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கனரக லாரிகளுக்கு மாலை 6 மணிக்கே தடை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து இதுதான் நடைமுறை. அதாவது சனிக்கிழமை வியாபாரத்தை முடித்துக் கடையைச் சாத்திவிட்டு ராத்திரி மலையேறலாம் என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. சரி, விடிந்ததும் கிளம்பலாமா என்றால் அதற்கும் அக்கா தலையாட்டவில்லை.

"ஆறு மணிக்கு உட்டதும் பண்ணாரில நிக்கிற லாரி பூராவும் ஒண்ணா ஏறும் அம்மிணி. அது பின்னாடி மாட்டுனீங்கன்னா 27 வளைவும் புகையத்தான் தின்னுட்டு வரோணும். அம்மனைக் கும்பிட்டு, டிபன் சாப்பிட்டுப்போட்டு ஒம்பது மணிவாக்குல ஏறுங்க."

அப்படியே செய்தோம். ஒரு வளைவில்கூட நிற்காமல் திம்பம் வந்து சேர்ந்தோம். எத்தனையோ விடுதிகளுக்குப் போன் போட்டிருக்கிறேன், ரோட்டைப் பற்றி இப்படி யாரும் சொன்னதில்லை. முழு மதிப்பெண்ணை இதற்கே கொடுத்துவிடலாம்.

வீடு எளிமையானது. ஓடு போட்ட இரண்டு அறை, முன்னால் நீளத் திண்ணை, சுற்றிலும் மக்காச்சோளக் காடு, அதைத் தாண்டிச் சோலார் வேலி. ராத்திரி விளக்கை அணைத்ததும் அந்த வேலிப் பெட்டி 'டிக்... டிக்...' என்று அடித்துக்கொண்டே இருப்பது நன்றாகக் கேட்கும். என் சின்னவன் அதை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனான். அத்தைக்குத்தான் தூக்கம் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது மாடா யானையா என்று இரண்டு தடவை என்னை எழுப்பிக் கேட்டார். மாடுதான்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். 2013இல் அறிவித்தார்கள், பரப்பு 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். புலிகளின் எண்ணிக்கை இரட்டிப்பானதற்காக 2022இல் டிஎக்ஸ்2 என்ற சர்வதேச விருதும் கிடைத்தது. இதைக் கேட்டுவிட்டு ரோட்டோரத்தில் புலி நிற்கும் என்று நினைப்பவர்களை அக்கா போனிலேயே வெட்டிவிடுகிறார். காலையில் ஒரு சோளகர் பழங்குடி இளைஞர் வந்து நடக்கக் கூட்டிப்போனார். பட்டா நிலத்து வரப்பும் ஊர்ப்பாதையும் மட்டும்தான், காப்புக்காட்டுக்குள் ஓர் அடி வைக்கவில்லை. அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம் என்று அவரே சொன்னார். புள்ளிமான் கூட்டம் பார்த்தோம். பூத்துத் தொங்கிய கொன்றை மரத்தடியில் புதிதாகக் கிடந்த யானைச் சாணத்தைக் குச்சியால் கிளறி, உள்ளே மூங்கில் நார் இருப்பதைக் காட்டினார். பிள்ளைகளுக்கு மான்களைவிட அதுதான் பிடித்திருந்தது.

யானை பார்த்தது வேறு இடத்தில், காரப்பள்ளம் சோதனைச்சாவடி பக்கம். கரும்பு லாரி வரும் என்று தெரிந்து யானைகள் அங்கே வந்து நிற்பது ஈரோடு மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நாங்கள் பார்த்தது ஒரு தாயும் குட்டியும். தாய் ஒவ்வொரு கரும்பாக எடுத்து, முன்னங்காலில் இரண்டு தட்டு தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தோம். பக்கத்து வண்டிக்காரர் கீழே இறங்கி செல்ஃபி எடுத்தார். அவரை என்ன சொல்வது!

சாப்பாட்டுக்கு வருவோம். மத்தியானம் ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, நாட்டுக்கோழி வறுவல். கர்நாடக எல்லையை ஒட்டிய இந்தத் தாளவாடிப் பக்கம் பாதி வீடுகளில் கன்னடம்தான் பேச்சு, சமையலிலும் அந்த வாசம் உண்டு. குழம்பில் தேங்காய் குறைவு, பூண்டு தூக்கல். "இத்தன காசு குடுத்து மலையேறி வந்து களி திங்கோணுமாக்கும்" என்று முனகிய அத்தை, இரண்டாவது உருண்டையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ராத்திரி அரிசியும் பருப்பும் சாதம், அது சுமார்தான். நம் வீட்டில் இதைவிட நன்றாக வரும்.

குறை இல்லாமல் இல்லை. சுடுதண்ணீர் விறகு பாய்லரில் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும், லேட்டாக எழுந்தால் பச்சைத்தண்ணீர்தான். மெத்தை மெலிசு, அத்தை மாதிரி முதுகுவலிக்காரர்கள் ஒரு ஜமக்காளம் கூடுதலாக எடுத்துக்கொண்டு போங்கள். போன் சிக்னல் திண்ணையின் மேற்கு மூலையில் மட்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் முழுக் காசு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆளுக்கு 1,800 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாடும் காலை நடையும் சேர்த்து.

முன்பு ஒரு வருஷம் இதே மலையில் வேறொரு ரிசார்ட்டில் இதைப்போல இரண்டு மடங்கு கொடுத்தோம். நீச்சல் குளம், கேம்ப் ஃபயர், ஸ்பீக்கரில் பாட்டு எல்லாம் இருந்தது. "நைட் சஃபாரி" என்று தனியாகக் காசு கேட்டார்கள். ராத்திரியில் காட்டுக்குள் வண்டி ஓட்டுவது சட்டப்படி தப்பு, யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்தப் பாட்டுச் சத்தத்துக்கு மான் என்ன, காக்காய்கூடப் பக்கத்தில் வராது.

திரும்பும்போது ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டை முடித்து இரண்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். மே மாதம் சாயங்காலம் கோடை மழை பிடித்தால் வளைவுகளில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். வழியில் கொடிவேரி அணைக்குப் போகலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே தண்ணீரைவிடத் தலைதான் அதிகம். பவானிசாகர் அணைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், வெளியே பொரித்த மீன் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தோம்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போக நினைத்தால் வெள்ளி சனிக்குக் கேட்டுப் பாருங்கள். சனி ஞாயிறு கிடைப்பது கஷ்டம். அமாவாசையை ஒட்டிய நாள் வேண்டாம், பண்ணாரி கோயில் கூட்டத்தைத் தாண்டுவதற்கே பாதி நாள் போய்விடும்.