ஆத்தங்குடித் தரையில் தையல் கண்ணுக்குத் தெரியாமல்: கிட் லென்ஸா, 360 கேமராவா, ஃபிஷ்ஐயா?

காரைக்குடிப் பக்கம் நண்பர் ஒருவர் தன் பூர்வீக வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்க ஆரம்பித்தபோது, முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி 360 டிகிரி படம் எடுத்துத் தரச் சொன்னார். என்னிடம் இருந்தது ஒரு 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவும், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும்தான். அதில் ஆரம்பித்து, ஒரு 360 கேமராவை இரவல் வாங்கிப் பார்த்து, கடைசியில் மிக அகலமாகப் பார்க்கும் சாம்யாங் 8 மிமீ ஃபிஷ்ஐ லென்ஸில் வந்து நின்றேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஒளிக்கப்போவதில்லை.

சாதாக் கேமராவில் சுற்றிலும் தனித்தனிப் படமாக எடுத்து, பிறகு ஒன்றாகத் தைக்க (ஸ்டிட்ச்) வேண்டும். கிட் லென்ஸில் 18 மிமீ, கேமரா நெட்டுக்குத்தாக. நடுவில் ஒரு சுற்றுக்கு 12 படம், மேலே குறைவாக ஒரு வரிசை, கீழே குறைவாக ஒரு வரிசை என்று முப்பதைத் தொட்டுவிடும். ஜன்னல் வெளிச்சத்துக்காக ஒவ்வொன்றையும் மூன்று எக்ஸ்போஷரில் (வெளிச்ச அளவில்) எடுத்தால் தொண்ணூறு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைக் கவிழ்த்தது வெள்ளைச் சுவர். செட்டிநாட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, புள்ளி இல்லாமல் வழவழவென்று இருக்கும். ஸ்டிட்ச் செய்யும் மென்பொருளோ பக்கத்துப் படங்களில் பொதுவான புள்ளிகளைத் தேடிப் பிடித்துத்தான் ஒட்டும். வெறும் சுவர் மட்டுமே விழுந்த படத்தில் அது எதைப் பிடிக்கும்? வளவில் ஏழு படங்கள் எதோடும் ஒட்டாமல் அநாதையாக நின்றன. சரி, கையாலேயே புள்ளி வைப்போம் என்று தேடினால் சுவரில் இருந்த ஒரே அடையாளம் ஒரு பல்லி, அதுவும் அடுத்த படத்துக்குள் நகர்ந்துவிட்டிருந்தது.

ஃபிஷ்ஐயில் இந்தத் தலைவலியே கிடையாது. 60 டிகிரிக்கு ஒன்றாகச் சுற்றிலும் 6, மேலே 1, கீழே 1, மொத்தம் எட்டே படம். எந்தப் படத்தை எடுத்தாலும் தரை, தூண், உத்தரம் என்று ஏதாவது ஒன்று உள்ளே இருப்பதால் மென்பொருள் தானாகவே பிடித்துக்கொள்கிறது. லென்ஸ் துளையளவு எஃப்/8-இல், ஃபோகஸை அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வைத்து, நகராமல் டேப் ஒட்டிவிட்டால், ஒரு சாண் தூரத்திலிருந்து கடைசிக் கட்டு வரை எல்லாம் தெளிவு. தைத்து முடித்தால் அகலம் சுமார் 12,000 பிக்சல் வரும்.

ஆனால் பனோ ஹெட் (கேமராவைச் சரியான சுழல்மையத்தில் திருப்ப உதவும் முக்காலித் தலை) இல்லாமல் இதில் இறங்காதீர்கள். முக்காலியில் நேரடியாக மாட்டினால் கேமரா அதன் திருகைச் சுற்றித்தான் திரும்பும். திரும்பவேண்டியதோ லென்ஸின் நுழைவுத் துளையை (முன்னாலிருந்து பார்க்கும்போது உள்ளே தெரியும் துளை) சுற்றி. நான் அப்படி எடுத்த முதல் படத்தில் ஆத்தங்குடி டைலின் பூவிதழ் நடுவில் முறிந்து அரை விரல் தள்ளி விழுந்திருந்தது. ஃபிஷ்ஐயில் இன்னொரு கோணலும் உண்டு, அந்தச் சுழல்மையம் பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நகரும். ஆறு படம் என்றால் தையல் விழுவது லென்ஸின் நடுவிலிருந்து சுமார் 30 டிகிரியில், ஆகவே அங்கேதான் சரிபார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, தூரத்து ஜன்னல் கம்பியோடு ஒரே கோட்டில் வைத்து, இடது 30, வலது 30 என்று திருப்பிப் பாருங்கள். இரண்டிலும் நூல் கம்பியை விட்டு விலகக் கூடாது. அரை மணி நேர வேலை, ஒரு தடவை செய்து அளவைக் குறித்துவைத்தால் போதும்.

360 கேமரா ஒரு மதியம்தான் கையில் இருந்தது, அதனால் அளந்துதான் சொல்ல வேண்டும். ஒரு அமுக்கில் படம் முடிந்துவிடுகிறது, ஆள் நடமாட்டம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் முதுகோடு முதுகாக இருக்கும் இரண்டு லென்ஸின் பார்வையும் சேருமிடத்தில், கைக்கெட்டும் தூரத்துத் தூண் ஒன்று பிளந்து தெரிந்தது. திறந்த பக்கமாக அந்தச் சேர்ப்பைத் திருப்பி வைத்தபின் சரியானது. ரிக்கோ தீட்டா இசட்1-இல்கூட அகலம் 6720 பிக்சல்தான், உத்தரத்து மரவேலையைப் பெரிதாக்கினால் குழைந்துவிடும். வாடகை வீடுகளை ஒரு நாளைக்குப் பத்து எடுக்கிறவர் என்றால் இதையே வாங்குங்கள்.

ஃபிஷ்ஐயிலும் குறை உண்டு. முன்கண்ணாடி புடைத்திருப்பதால் ஃபில்டர் மாட்ட முடியாது, வளவின் வானவெளிச்சம் நேரே அடித்தால் ஒளிப்புள்ளிகள் விழும். கேமராவுக்குத் தகவல் சொல்லும் சிப் இல்லாத மாடலில் குவியத்தூரம் படத்தோடு பதிவாகாது. இலவச மென்பொருளான ஹுகினில் லென்ஸ் வகை ஃபிஷ்ஐ, 8 மிமீ என்று நாமே கொடுக்க வேண்டும். சாதா லென்ஸ் என்று விட்டுவிட்டால் கூரை பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டுவிடும்.

கடைசியாக முக்காலியை மறைக்கும் வேலை. ஒரே பூ திரும்பத் திரும்ப வருகிற தரைதானே என்று ஒரு இடத்தில் பக்கத்து டைலை நகலெடுத்து ஒட்டிவிட்டேன். அத்தனையும் கையால் வார்த்த டைல் என்பதை மறந்துபோனேன். படத்தைப் பார்த்ததும் நண்பர் கேட்ட முதல் கேள்வி, "அந்த டைல்ல ஒரு கீறல் இருக்குமே, எங்க போச்சு?"