வெள்ளை பூத்த அலுமினிய எஞ்சின்: பச்சை நார், டீசல், ஒரு டியூப் பாலிஷ்

பழைய மாருதி ஜென் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஒரு லிட்டர் எஞ்சின், பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், ஓட்டத்தில் இன்னும் குறை சொல்ல முடியாது, ஆனால் பானட்டைத் தூக்கினால் இன்டேக் மேனிஃபோல்டு முதல் கியர்பாக்ஸ் கூடு வரை உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். எஞ்சினை இறக்காமல், கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் கடைகளில் கிடைக்கிற சாமான்களை வைத்தே இதைத் தேற்றினேன். எது காசுக்கு உரியது, எது தண்டம் என்று சொல்லிவிடுகிறேன். எல்லாம் சேர்த்து 700 ரூபாயைத் தாண்டவில்லை.

வெள்ளையாக இருப்பதெல்லாம் அரிப்பு இல்லை, இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நம்ம பக்கத்துப் போர் தண்ணீரின் லட்சணம் தெரியும்தானே, ஃபுளோரைடுக்குப் பயந்து ஒகேனக்கல்லில் இருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த மாவட்டங்கள் இவை. அந்தத் தண்ணீரைச் சூடான எஞ்சின் மேல் அடித்து வாட்டர் வாஷ் செய்தால், காய்கிற இடத்திலெல்லாம் சுண்ணாம்புப் படலம் தங்கிவிடும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு, சாறு நனைத்த துணியால் துடைத்து உடனே நல்ல தண்ணீரில் கழுவினால் போய்விடும். பொங்காமல் சும்மா கிடந்தால் அது அலுமினிய ஆக்சைடு, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். என் வண்டியில் மேல்பக்கம் பாதிக்குப் பாதி சுண்ணாம்புதான், செலவே இல்லாமல் போனது.

மீதிக்கு உழைத்தது பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்காட்ச் பிரைட்டும் அரை லிட்டர் டீசலும்தான். முழு மார்க்கும் இதற்கே. எஞ்சின் நன்றாக ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய் எல்லாவற்றையும் பாலிதீன் பை போட்டுக் கட்டிவிட்டு, டீசலைத் தடவி கொஞ்சம் ஊறவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு இளகும். அப்புறம் நாரால் வட்டமாகத் தேய்க்காமல் ஒரே போக்கில் தேயுங்கள். சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி வழியும், அதைத் துடைத்தால் அடியில் புதுசாக வார்த்த அலுமினியத்தின் மங்கலான வெள்ளி நிறம் தெரியும். விலா விலாவாக இருக்கிற இடுக்குகளுக்குச் சின்ன பித்தளை பிரஷ். இரும்புக் கம்பி பிரஷ் மலிவு என்று கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து ஈரம் பட்டதும் துருப்பிடிக்கும், அந்த இடத்திலேயே அரிப்பும் மறுபடி ஆரம்பிக்கும். கடைசியில் கார் ஷாம்பு போட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவைக்க வேண்டும்.

ஆசிட் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாட்டர் சர்வீஸில் "ஆசிட் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல பளபளன்னு ஆயிரும்ணா" என்றார்கள். ஆகும்தான், ஆனால் சரியாகக் கழுவி எடுக்காவிட்டால் அது இடுக்குகளில் தங்கி உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். அதிலும் அலாய் வீல் கழுவுகிற சில ஆசிட்டுகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்திருக்கும், தோலில் பட்டால் ஆழமாக இறங்குகிற விஷம் அது. காஸ்டிக் சோடா இன்னும் மோசம். பட்டறைகளில் இரும்பு பிளாக்கைக் காஸ்டிக் தொட்டியில் போட்டு எடுப்பதைப் பார்த்துவிட்டு அலுமினியத்துக்கும் அதையே சொல்வார்கள். அலுமினியம் பட்டவுடன் குமிழி விட்டுப் பொங்கிக் கறுத்துப்போகும், கறுப்பது மட்டுமில்லை, உலோகமே கரைகிறது. காற்றழுத்தத்தில் மணலை அடித்துச் சுத்தம் செய்கிற மணல் பிளாஸ்டிங்கும் எஞ்சின் முழுசாகக் கோத்திருக்கும்போது வேண்டாம், நாலு மணல் உள்ளே போனாலும் பேரிங் காலி.

கிரானைட் பட்டறையில் இருக்கிற மச்சான் டயமண்டு பேடு தருகிறேன் என்றான். கல்லுக்குச் சரி, அலுமினியம் மிருதுவானது, பேடு அடைத்துக்கொள்ளும், கோடு கோடாகவும் விழும். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆட்டோசால் என்கிற மெட்டல் பாலிஷ் டியூப் வாங்கினேன், நல்ல சாமான். ஆனால் எஞ்சின் முழுக்கத் தடவுவதற்கு இல்லை. சொரசொரப்பான வார்ப்பின் குழிகளில் பேஸ்ட் அடைத்துக்கொண்டு வெள்ளையாகக் காய்ந்துவிடும், எடுத்த வெள்ளைக்குப் பதில் புது வெள்ளை! வழவழப்பான பாகத்துக்கு மட்டும் வையுங்கள். தெர்மோஸ்டாட் மூடியில் 400, 800, 1500 என்று நம்பர் ஏற ஏற வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டுத் தேய்த்துவிட்டு இதைத் தடவினேன், முகம் தெரிகிறது. எஞ்சினின் உச்சியில் இருக்கிற டாப்பெட் கவருக்கும் செய்யலாம், ஆனால் அது அலுமினியமா இரும்புத் தகடா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தண்டச் செலவு என்றால் 600 டிகிரி தாங்கும் என்று போட்ட சில்வர் ஸ்பிரே. அந்தச் சூடு எக்ஸாஸ்ட் பக்கத்துக்குத்தான், பிளாக்கின் வெளிப்பக்கம் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) சூட்டை ஒட்டி 100 டிகிரி சுற்றியே இருக்கும், அதற்கு இவ்வளவு விலை தேவையே இல்லை. பூத்த இடத்தின் மேலேயே அடித்தால் கொஞ்ச நாளில் தோல் உரிகிற மாதிரி வரும். விற்பதற்கு போட்டோ எடுக்க வேண்டுமானால் சரி.

தண்ணீர்க் குழாய் சேரும் இடத்தில் மட்டும் பச்சையோ வெள்ளையோ கெட்டியாகக் கட்டியிருந்தால் அதைத் தேய்த்துப் பயனில்லை, அங்கே கூலன்ட் கசிகிறது. ஹோஸை இழுத்துப் பாருங்கள், குழாய் வாய் குழிகுழியாக அரித்திருந்தால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் மாற்றினாலும் திரும்ப வரும்.

தேய்த்த அலுமினியம் வெறுமனே விட்டால் மங்கத்தான் செய்யும். சின்ன டப்பா டபிள்யூடி-40 வாங்கி, துணியில் நனைத்து அவ்வப்போது ஒரு துடைப்பு, எக்ஸாஸ்ட் பக்கமும் பெல்ட் பக்கமும் படாமல். ஆட்டோசாலில் சின்ன டியூபே போதும், எனக்குப் பாதிக்கு மேல் மிச்சம், அடுத்து பைக்கின் கிராங்க் கேஸ் மூடிக்கு ஆகும்.