குரல் கேக்கிறதுக்கு காந்த சிகிச்சை: தம்பிக்குச் செய்விச்ச அனுபவம்

கிளிநொச்சியில இருந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு பலாலியால சென்னைக்குப் போய் ரி.எம்.எஸ் எண்டுற, தலைக்கு வெளியில காந்தம் வைச்சு மூளையைத் தட்டுற சிகிச்சை செய்விச்சனாங்கள், கனபேர் கேட்டபடியா எழுதுறன். அவனுக்கு 7 வருசமா ஆக்கள் இல்லாமலே குரல் கேக்குது, ரெண்டு பேர் மாறி மாறி அவனைப் பற்றியே கதைப்பினமாம், அதை அமத்த ரேடியோவை இரவிரவா பெரிசா போட்டிட்டுக் கிடப்பான். வற்றாப்பளை அம்மனுக்கு நேத்தியும் வைச்சாச்சு, கிளினிக் குளிசையும் மாத்தி மாத்திப் போட்டாச்சு, மற்றக் குளிசை சரிவராட்டிக் குடுக்கிற குளோசபினும் ரத்தம் செக் பண்ணிப் பண்ணிக் குடுத்தாச்சு, குரல் மட்டும் விடேல்ல.

அங்க முதல் கேள்வியே தலைக்குள்ள இரும்பு ஏதும் இருக்கோ எண்டுதான். 2009ல மாத்தளனில பட்ட செல் துண்டு அவன்ர முழங்காலுக்குக் கீழ இப்பவும் கிடக்கு. தலை, கழுத்து எல்லாம் எக்ஸ்ரே எடுத்து ஒண்டும் இல்லை எண்டு பாத்த பிறகுதான் ஓம் எண்டவை. எங்கட சனம் இதைக் கட்டாயம் கவனிக்கோணும், தலைக்குள்ள துண்டு இருந்தா காந்தம் அதை அசைக்கும், சூடாக்கும், ஒளிக்காமச் சொல்லுங்கோ. வலிப்பு வந்தவையும் சொல்லோணும்.

கரண்ட் வைக்கப் போகினம் எண்டு அம்மா ஒரே அழுகை. அது வேற, இதில மயக்கிறேல்ல, கதிரையில முழிச்சபடி இருக்கலாம். எட்டு மாதிரி வளைஞ்ச காந்தக் கொயிலை தலையில வைச்சு ஒருக்கா தட்டிப் பாத்திச்சினம், தம்பியின்ர வலது பெருவிரல் தன்பாட்டில துடிச்சுது, "அக்கா, நான் ஆட்டேல்ல" எண்டு என்னைத் திரும்பிப் பாத்தான். அந்தத் துடிப்பை வைச்சுத்தான் பவர் எவ்வளவு எண்டு முடிவெடுக்கிறவை. பிறகு இடது காதுக்கு மேல கொஞ்சம் பின்னால, பேச்சை விளங்கிக்கொள்ளுற பக்கமாம், செக்கனுக்கு ஒருக்கா டிக் எண்டு 20 நிமிசம், 1200 தட்டு. சத்தம் பலம், காதை அடைக்கத் தருவினம். முதல் மூண்டு நாளும் தலையிடி, பனடோலோட போயிட்டுது.

10 நாள் செய்தது. எட்டாம் நாள் இரவு லொட்ஜில தானே எழும்பி ரேடியோவை நிப்பாட்டிட்டுப் படுத்தான், நான் விடியும்வரைக்கும் நித்திரை கொள்ளேல்ல, அவன் மூச்சு விடுறதையே கேட்டுக்கொண்டு இருந்தன்.

ஆனா ஒரு கோவம் இருக்கு. காசு கட்டுற இடத்தில நிண்டவர் குரல் முழுசா நிண்டிடும் எண்டுதான் சொன்னவர், உள்ளுக்க டொக்டர் அப்பிடிச் சொல்லேல்ல. அமெரிக்காவில 2008ல இதுக்கு அனுமதி குடுத்தது மனச்சோர்வுக்கு, குரல் கேக்கிறதுக்கு இல்லை. 2000 அளவில யேல் பல்கலைக்கழகத்தில ஹொஃப்மன் எண்டவர் குரலுக்குச் செய்து பாத்து நல்ல முடிவு சொன்னவர், பிறகு வந்த பெரிய ஆய்வுகளில காந்தம் வேலை செய்யாத பொய்க் கொயில் வைச்ச ஆக்களுக்கும் குறைஞ்சிருக்கு, வித்தியாசம் பெரிசா வரேல்ல. இதைக் காசு வாங்க முதல் சொல்லியிருக்கோணும்.

தம்பிக்கு ஆறு கிழமையால குரல் திரும்ப வந்திட்டுது, முந்தின சத்தம் இல்லை, பக்கத்து வளவில ஆரோ கதைக்கிற மாதிரியாம். எனக்கு அதுவும் பெரிசு. குளிசை சரிவராத ஆக்கள் தங்கட டொக்டரோட கதைச்சுப் போகலாம், குளிசையை மட்டும் நிப்பாட்டாதேங்கோ, காணியை ஈடு வைச்சும் போகாதேங்கோ. கிளினிக் கொப்பியையும் பழைய எக்ஸ்ரேயையும் கையோட கொண்டு போங்கோ.