ஒரே பீப்பாய், மூன்று கணக்கு: ஈக்வினார், ஆராம்கோ, ஓஎன்ஜிசி

எண்ணெய் நிறுவனத்தின் உமிழ்வு அறிக்கையில் உள்ள எந்த எண்ணையும் நம்புவதற்கு முன், எதையெல்லாம் கூட்டி அந்த எண் வந்தது என்று கேட்க வேண்டும். கிணற்றிலும் ஆலையிலும் நிறுவனம் நேரடியாக எரிப்பதும் கசியவிடுவதும் ஸ்கோப் 1. வெளியே வாங்கும் மின்சாரத்தின் பங்கு ஸ்கோப் 2. விற்ற எண்ணெயையும் வாயுவையும் வாங்கியவர் எரிக்கும்போது கிளம்பும் புகைதான் ஸ்கோப் 3-இன் பெரும்பகுதி. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் முழுவதும் எரிந்து முடிந்தால் ஏறக்குறைய 430 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதைப் பூமியிலிருந்து எடுக்கும் வேலையில் வெளியேறுவது, நன்றாக நடத்தப்படும் வயல்களில், 10 கிலோ அளவுதான். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு, அரசே பெரும்பங்கு வைத்திருக்கும் மூன்று நிறுவனங்களைப் பார்ப்போம்.

நார்வே அரசு 67 சதவீதம் வைத்திருக்கும் ஈக்வினாரின் கணக்குதான் இந்த மூன்று நிறுவனங்களில் மிக உறுதியானது. அந்த நிறுவனத்தின் நல்ல மனசு இதற்குக் காரணம் இல்லை. 1991-லிருந்தே நார்வேயில் எண்ணெய் எடுக்கும் கடல் மேடைகளில் எரியும் வாயுவுக்குக் கார்பன் வரி உண்டு. வரி என்று வந்துவிட்டால் அளவு மானி வேண்டும், மானியைச் சோதிக்க ஆள் வேண்டும். பின்னாளில் ஐரோப்பிய உமிழ்வு வர்த்தகத் திட்டமும் (விடும் ஒவ்வொரு டன் புகைக்கும் ஓர் அனுமதி ஒப்படைக்கச் சொல்லும் ஏற்பாடு) சேர்ந்துகொண்டதால், வெளியாள் சரிபார்த்த கணக்கைத்தான் ஒப்படைக்க முடியும். அதற்கும் மேலே, ஒவ்வொரு வயலின் உமிழ்வையும் தனித்தனியாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை பொதுவில் வெளியிடுகிறது. எந்த வயல் எவ்வளவு புகை விட்டது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஸ்கோப் 3-ஐயும் ஈக்வினார் மறைப்பதில்லை. தான் இயக்கும் இடங்களின் உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி டன் என்றும், விற்ற பொருள் எரிவதால் வருவது சுமார் 25 கோடி டன் என்றும் 2023-க்கான கணக்கு சொல்கிறது. இந்த இரண்டாவது எண் இல்லாவிட்டால் முதல் எண் நம்மை ஏமாற்றிவிடும். 2019-இல் உற்பத்தி தொடங்கிய யோஹான் ஸ்வெர்ட்ருப் வயலுக்குக் கரையிலிருந்தே நீர்மின்சாரம் போகிறது. பீப்பாய்க்கு ஒரு கிலோவுக்கும் குறைவான உமிழ்வு என்று நிறுவனம் பெருமையாகச் சொல்கிறது, அது உண்மைதான். ஆனால் மின்சாரத்துக்காக மேடையில் எரிக்காமல் மிச்சமாகும் வாயு குழாய் வழியே விற்பனைக்குப் போகும், வாங்கியவர் எரிப்பார். ஸ்கோப் 1 குறையும், ஸ்கோப் 3 கூடும். இரண்டையும் அச்சடிப்பவரிடம் மட்டுமே இந்த இடமாற்றம் கண்ணில் படும். 2025 பிப்ரவரியில் ஈக்வினார் தன் கார்பன் செறிவு இலக்கை, அதாவது விற்கும் ஆற்றலின் ஓர் அலகுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற இலக்கை, தளர்த்தியது. எனக்கு அது பெரிய ஏமாற்றம். அப்படித் தளர்த்தியதை எல்லாரும் உடனே அளந்து பேச முடிந்ததற்குக் காரணமும் பழைய கணக்கு திறந்து கிடந்ததுதான்.

சவூதி ஆராம்கோவின் பேச்சு முழுக்கச் செறிவைப் பற்றியது. எண்ணெய் எடுக்கும் வேலையில் பீப்பாய்க்குச் சுமார் 10 கிலோ என்பது உலக அளவில் நல்ல எண். வாயுவை வீணாகக் கொளுத்தாமல் 1970-களிலேயே சேகரிக்கத் தொடங்கியதற்கு அதில் பங்குண்டு, அதைப் பாராட்டத்தான் வேண்டும். சிக்கல் எல்லையில் இருக்கிறது. 2050 நிகர பூஜ்ய இலக்கு (வெளியிடுவதையும் உறிஞ்சி ஈடுகட்டுவதையும் சமமாக்குவது), முழுக்கத் தனக்கே சொந்தமாக இருந்து தானே இயக்கும் இடங்களின் ஸ்கோப் 1, 2-க்கு மட்டும். கூட்டு முயற்சியில் உள்ள ஆலைகள் அந்த வேலிக்கு வெளியே. அன்றைய அறிக்கையில் பல சுத்திகரிப்பு, பெட்ரோகெமிக்கல் ஆலைகள் விடுபட்டிருப்பதையும், சேர்த்தால் நிறுவனம் சொன்ன அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகலாம் என்பதையும் 2021 ஜனவரியில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது.

ஸ்கோப் 3-ஐ ஆராம்கோ சொல்வதில்லை. நாமே கணக்குப் போடலாம்: நாளொன்றுக்கு 1 கோடி பீப்பாய் என்று வைத்தாலே, 430 கிலோ வீதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 157 கோடி டன். வாங்கிய நாட்டின் கணக்கில் ஏற்கெனவே வருவதை இங்கேயும் எழுதினால் இரட்டைக் கணக்காகாதா என்று கேட்பார்கள். நாடுகளின் கணக்குக்கு அந்த வாதம் சரி. நார்வேயும் ஏற்றுமதி எண்ணெயைத் தன் நாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நிறுவன அறிக்கையை யாரும் உலகத் தொகைக்காகக் கூட்டப்போவதில்லை. இந்த வியாபாரம் எவ்வளவு புகையை நம்பி நடக்கிறது என்று முதலீட்டாளரும் குடிமக்களும் அறியத்தான் அது.

ஓஎன்ஜிசி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2038-க்குள் ஸ்கோப் 1, 2 நிகர பூஜ்யம் என்ற இலக்கு, ஆண்டைப் பார்த்தால் மற்ற இருவரையும் முந்துகிறது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் எனும் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை கட்டாயம். அதில் ஸ்கோப் 1, 2 சொல்லியே ஆகவேண்டும்; ஸ்கோப் 3 விருப்பம். அறிக்கை தனி நிறுவனத்துக்கா, குழுமம் முழுவதற்குமா என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்த வரியை வாசகர்கள் முதலில் தேடிப் படிக்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலைகள் நடத்தும் எச்பிசிஎல் 2018 முதல் ஓஎன்ஜிசியின் துணை நிறுவனம், மங்களூர் ஆலையை நடத்தும் எம்ஆர்பிஎல்லும் அப்படியே. வெளிநாட்டு வயல்களில் உள்ள பங்குகளோ ஓஎன்ஜிசி விதேஷ் என்ற இன்னொரு துணை நிறுவனத்தின் கையில். தனி நிறுவனக் கணக்கென்றால் சுத்திகரிப்பு ஆலைகளின் புகை வேறு அறிக்கையில்தான் கிடைக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறு. நரிமணத்திலோ குத்தாலத்திலோ வயலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் தன் ஊர் நிலையத்தில் இந்த ஆண்டு எவ்வளவு வாயு கொளுத்தப்பட்டது, எவ்வளவு மீத்தேன் கசிந்தது என்று அறிய அந்த அறிக்கையைத் திறந்தால், நாடு முழுவதற்குமான ஒற்றைத் தொகைதான் கிடைக்கும். யாரும் குடியிருக்காத வட கடலின் வயலுக்கும் தனிக்கணக்கு உண்டு. ஆள் நெருங்கி வாழும் காவிரிப் படுகைக்கு இல்லை.

ஆகவே மூன்றில் எதைப் பின்பற்றலாம் என்று கேட்டால் ஈக்வினாரின் முறையை, குறிப்பாக வயல்வாரிக் கணக்கை, தயங்காமல் சொல்வேன். ஓஎன்ஜிசி 2038-ஐ 2035 ஆக்குவதைவிட இது முந்தி நடக்க வேண்டும். தொகையைக் கூட்டுவதற்கே ஒவ்வொரு நிலையத்தின் எண்ணும் தலைமையகத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அந்தப் பட்டியலை அறிக்கையின் பின்னிணைப்பாகத் தமிழிலும் வெளியிடச் சொல்லி, பெரும்பங்கு உரிமையாளரான ஒன்றிய அரசே உத்தரவிடலாம்.