ஒட்டோ கியர் ‘அப்கிரேட்’ என்று காசு கேட்கிறார்களா? மலையகத்துக் கார்க்காரர்கள் கவனம்

கம்பளையில் இருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும்போது இழுவை போதவில்லை என்று கராஜுக்குப் போனது ஒரு கொரோலா 121. “கியர் பொக்ஸை அப்கிரேட் பண்ணினா புதுக் கார் மாதிரி ஏறும் அண்ணே” என்றிருக்கிறார் அங்கிருந்த பாஸ். ரேசிங் கிளட்ச் பிளேட், வால்வ் பொடி கிட், 8 லீற்றர் ஒயில், கூலி எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா. காலையில் விட்ட கார் பின்னேரமே கைக்கு வந்துவிட்டது. டி-யில் போட்டால் ‘டக்’ என்று ஓர் அடி. ஒவ்வொரு கியரும் உதைத்துக்கொண்டு விழுந்தது. அந்த உதையைத்தான் ‘பவர்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான்காவது மாதம் றிவேர்ஸ் விழத் தாமதமானது. ஏற்றத்தில் இரண்டில் இருந்து மூன்றுக்கு மாறும்போது கார் நகராமல் எஞ்சின் மட்டும் கத்தியது.

வேறோர் இடத்தில் தூக்கிப் பார்த்தபோது கியர் பொக்ஸை எஞ்சினோடு பிடிக்கும் போல்ட்களில் பழைய அழுக்கு அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமென்றால் கியர் பொக்ஸ் முழுதாகக் கீழே இறங்க வேண்டும்; அது ஒரு பகலில் முடிகிற வேலையும் அல்ல. டாஷ்போர்டுக்கு அடியில், கியரைக் கட்டுப்படுத்தும் கொம்பியூட்டருக்குப் போகும் ஒரு வயரை வெட்டி, மின்னோட்டத்தைக் குறைக்கும் சிறிய வெள்ளை ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். அப்கிரேட் என்று விற்ற முழு வேலையும் அதுதான்.

இந்த வகை டொயோட்டா கியர் பொக்ஸில் ஒயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது ஒரு சொலினொயிட், அதாவது மின்சாரத்தால் இயங்கும் வால்வ். அதற்குப் போகும் மின்னோட்டம் குறைந்தால் அழுத்தம் ஏறும். ரெசிஸ்டர் போட்டால் கொம்பியூட்டர் எதைக் கேட்டாலும் மின்னோட்டம் குறைவாகவே போகும். அழுத்தம் எந்நேரமும் உச்சத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். கியர் வெடுக்கென்று விழுவதால் வேகம் கூடியதாகத் தோன்றும். எஞ்சினின் பலமோ கியர் விகிதமோ துளிகூட மாறியிருக்காது. மாறுவதெல்லாம் உள்ளே இருக்கும் சீல்களும் பிஸ்டன்களும் வாங்கும் அடிதான். ஸ்கேனரில் பிழை எதுவும் காட்டாமலும் போகலாம். அதன் வயர் பிளக்கைக் கழற்றி மல்டிமீற்றரால் அளந்தால் அந்தச் சொலினொயிட் குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய 5 ஓம் காட்ட வேண்டும். அந்தப் பிளக்கில் சரியாக இருந்து, கொம்பியூட்டர் பக்கத்தில் அளக்கும்போது மட்டும் வித்தியாசமாக வந்தால், இடையில் வயரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இழுவை குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத 1,500 சிசி எஞ்சின் தன் பலத்திலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றை அங்கே இழக்கும். எந்தக் கிளட்ச் பிளேட்டாலும் அதைத் திருப்பித் தர முடியாது. அடைத்த எயார் பில்டரும் தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் அதோடு சேர்ந்துவிட்டால், பழி கியர் பொக்ஸ் மேல் விழுகிறது.

எஞ்சினா, கியரா என்று பிரித்துப் பார்க்க ஸ்டோல் டெஸ்ட் இருக்கிறது. வண்டி சூடான பிறகு, டயர்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கை முழுதாக மிதித்து, டி-யில் போட்டு அக்சிலரேட்டரை அடிவரை அழுத்துங்கள். ஆர்.பி.எம். எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 5 விநாடிக்கு மேல் வேண்டாம். பிறகு என்-இல் (நியூட்ரலில்) விட்டு ஆறவைத்து, றிவேர்ஸிலும் அதையே செய்யுங்கள். வண்டிக்குரிய கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் குறைந்திருந்தால் எஞ்சினில் பலம் இல்லை, அல்லது எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர் பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டரில் கோளாறு. டி-யில் மட்டும் கூடினால் முன் கியர் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டிலும் கூடினால் ஒயில் அழுத்தம் போதவில்லை. அடுத்தது தாமதச் சோதனை: என்-இல் இருந்து டி-க்கு மாற்றினால் 1.2 விநாடிக்குள்ளும் றிவேர்ஸுக்கு 1.5 விநாடிக்குள்ளும் பிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் விலை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஒயிலிலும் ஏமாற்று நடந்திருந்தது. அந்த கியர் பொக்ஸில் அடிப்போல்ட்டைக் கழற்றினால் இறங்குவது 3 லீற்றர் அளவில்தான். மிச்சம் பெரும்பாலும் டோர்க் கன்வேர்ட்டருக்குள் நிற்கும். அரை மணித்தியாலத்தில் இறக்கி ஊற்றிவிட்டு 8 லீற்றருக்குப் பில் போட்டால் அது பொய். முழுதாக மாற்ற வேண்டுமென்றால் இறக்கி ஊற்றி, ஓட்டி, மறுபடி இறக்கி ஊற்றி என்று இரண்டு மூன்று முறையாவது செய்ய வேண்டும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று பீப்பாயில் இருந்து எடுத்து ஊற்றுவதை அனுமதிக்காதீர்கள். டிப்ஸ்டிக்கிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும் வகைதான் வேண்டும். டொயோட்டாவிலேயே டைப் T-IV ஒயில் கேட்கும் கியர் பொக்ஸுக்கு டபிள்யூ.எஸ். (WS) ஒயில் ஊற்றக்கூடாது; அது அதைவிட நீர்த்தது. போத்தல் உங்கள் கண் முன்னால் உடைக்கப்பட வேண்டும்.

மலை ரோட்டில் ஒட்டோ கியரைக் கொல்வது சூடு. கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறும்போது கன்வேர்ட்டர் லொக் ஆகாமல், அதாவது எஞ்சினோடு நேரடியாகப் பூட்டிக்கொள்ளாமல், வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கல் எல்லாம் ஒயிலில் சூடாக இறங்கும். 80, 90 பாகை செல்சியஸில் ஆண்டுக்கணக்கில் தாங்கும் ஒயில் 120ஐத் தாண்டினால் விரைவாகக் கருகும். ஆகவே காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு தனி ஒயில் கூலர் போடுங்கள். தட்டு வகை நல்லது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரைத் துண்டிக்காமல், அதிலிருந்து திரும்பிவரும் குழாயில் தொடராக இணைக்க வேண்டும். நுவரெலியாக் காலைக் குளிருக்குத் தெர்மோஸ்டாட் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. கியர் ஒயிலுக்கான ஹோஸ்தான் போட வேண்டும். தண்ணீர் ஹோஸ் ஊறி வெடிக்கும். ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் நாடாவைக் குத்திக் கட்டும் வழக்கம் இருக்கிறது. அது உரசி உரசி ரேடியேட்டரையே ஓட்டையாக்கும். கூலருக்கு ஒரு பிராக்கெட் அடித்துப் பூட்டச் சொல்லுங்கள். கூலர் பிடிக்கும் ஒயிலையும் சேர்த்து ஊற்றி, சூடான பிறகு டிப்ஸ்டிக் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் ஓவர் டிரைவை (கடைசி உயர் கியரை) அணைத்து ஓட்டுவதற்குச் செலவே இல்லை.

வெகன் ஆர், விட்ஸ் போன்ற சி.வி.டி. வண்டிக்கு ‘கியர் கிட்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அதற்குள் முக்கியமாக வேலை செய்வது பெல்ட்டும் கப்பியும். சாதாரண ஒட்டோவில் போல அடுக்கடுக்காக மாறும் கியர் வரிசை இல்லை.

கழற்றிய பழைய பாகங்களை பையில் போட்டுத் தரும்படி வேலை தொடங்கும் முன்னரே சொல்லிவிடுங்கள். பில்லில் வண்டி இலக்கம், பாகத்தின் பெயரும் எண்ணிக்கையும், ஒயில் வகை, லீற்றர், உத்தரவாதக் காலம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை, சேவை பெற்ற நாளில் இருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கொரோலாக்காரரிடம் பில்லும் இல்லை, காலமும் தாண்டிவிட்டது. உங்கள் கியர் உதைக்கத் தொடங்கிய அன்றே டாஷ்போர்டுக்கு அடியில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்; டேப் சுற்றிய வயர் தெரிந்தால் கழற்றாமல் படம் எடுத்து முறைப்பாட்டோடு சேருங்கள்.