மினரல் ஒயிலா, சிந்தெடிக் ஒயிலா?

கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் மோட்டார் சைக்கிளுக்கான 20டபிள்யூ-40 மினரல் ஒயிலும் (மசகெண்ணெயைச் சுத்திகரித்துப் பெறுவது) 10டபிள்யூ-40 முழு சிந்தெடிக் ஒயிலும் (இரசாயன முறையில் தயாரிக்கப்படுவது) அருகருகே இருக்கும்போது, பலரும் முதலில் பார்ப்பது விலை வேறுபாட்டைத்தான். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஒயில் பாயும் தன்மையையே குறிப்பதால், அதிகாலையிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே அரிதாகவே இறங்கும் கொழும்பில் அதற்காக மட்டும் கூடுதல் பணம் செலவிட வேண்டியதில்லை. சூடான நிலையில் ஒயிலின் தடிப்பைக் காட்டும் பின்னுள்ள 40 இரண்டிலும் ஒன்றே.

சிந்தெடிக்கின் உண்மையான பலன் வேறிடத்தில் இருக்கிறது: கொழும்பின் காலி வீதி நெரிசலில் வண்டி நகராமல் நிற்கையில், காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சின் கடுமையாகச் சூடேறினாலும், அந்த ஒயில் எளிதில் ஒட்சியேற்றமடைவதில்லை; ஆவியாகி இழக்கப்படும் அளவும் குறைவு. எனினும் எஞ்சினும் கிளட்சும் கியரும் ஒரே ஒயிலில் இயங்கும் வண்டிக்கு எந்த வகையை வாங்கினாலும் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர நிர்ணய அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 குறியீடு இருத்தல் அவசியம். உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கொண்ட கார் ஒயில் கிளட்சை வழுக்கச் செய்யலாம்.

அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் சிறிய வண்டியின் கையேடு 20டபிள்யூ-40ஐ அனுமதித்தால், மினரலை உரிய காலத்தில் மாற்றுவதே என் தெரிவு. நாள் முழுவதும் உணவு விநியோகத்தில் ஓடுபவர்களுக்குச் சிந்தெடிக்கே பொருத்தம்.