கவுண்டி கோர்ட் ரெக்கார்டு வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் தளங்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கோ சிட்டிசன்ஷிப்புக்கோ பழைய கோர்ட் ஆவணம் தேவைப்படுகிறவர்கள் கூகுளில் தேடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் தம்பியிடம் ஒரு தனியார் இணையதளம் முந்நூறு டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு, குடியேற்றத் துறை ஏற்கவே ஏற்காத ஒரு காகிதத்தை அனுப்பியது. உண்மையான ஆவணத்தை, கோர்ட்டின் பதிவேடுகளை வைத்திருக்கும் கோர்ட் கிளார்க் அலுவலகம் பத்துப் பதினைந்து டாலருக்குள் கொடுத்துவிட்டது. பணத்தைவிட, விண்ணப்பம் போட வேண்டிய நேரத்தில் போன நாட்கள்தான் எங்களுக்குப் பெரிய இழப்பு.

தம்பி டெக்சாஸில் எம்.எஸ். படிக்க வந்த புதிதில், ஒரு கடையில் நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் இடத்தில் சில பொருட்கள் பில்லில் ஏறாமல் வெளியே வந்துவிட்டன. கடைக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். திருட்டு வழக்கு, கிளாஸ் பி மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்ற வகை. வக்கீல் வைத்து, சொன்ன வகுப்புகளை முடித்து, வழக்கு தள்ளுபடி ஆயிற்று. பல வருடம் கழித்து, கிரீன் கார்டின் கடைசிப் படியான ஐ-485 படிவம் போடும் நேரம் வந்தது. வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் அதன் முடிவைக் காட்டும் சான்றிட்ட நகலை இணைக்க வேண்டும் என்று இமிக்ரேஷன் வக்கீல் சொல்லிவிட்டார். பழைய வக்கீல் தொழிலை விட்டுப் போய்விட்டதால் அவரிடம் கேட்கவும் வழியில்லை.

தம்பி கவுண்டியின், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற பகுதியின், பெயரைப் போட்டுத் தேடினான். மேலே வந்த முதல் இணைப்பு விளம்பரம். உள்ளே போனால் தராசும் கழுகும் போட்ட முத்திரை, கவுண்டியின் பெயர் பெரிய எழுத்தில், இணைய முகவரியிலேயே 'கவுண்டி', 'கோர்ட்' என்ற சொற்கள். பெயரும் பிறந்த தேதியும் கொடுத்ததும் ஒரு பட்டை மெல்ல ஓடுகிறது. 'சிறைப் பதிவுகளைப் பார்க்கிறோம்', 'கைது விவரம் கிடைத்திருக்கலாம்' என்று ஒவ்வொன்றாக எழுத்து வருகிறது. பட்டை முடியும் இடத்தில் கார்டு எண் கேட்கிறார்கள், ஒரே ஒரு டாலர். ஏற்கெனவே பயந்து போயிருப்பவன் ஒரு டாலருக்கா யோசிப்பான்? அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

வந்த அறிக்கையில் அவன் குடியிருந்த பழைய முகவரிகள், எங்கள் வீட்டாரின் பெயர்கள், அதே பெயருள்ள வேறு சிலரின் விவரங்கள் எல்லாம் இருந்தன. குற்றப் பதிவு என்ற தலைப்பின் கீழ் வேறு மாநிலத்தில் வேறு யாரோ வாங்கிய டிராஃபிக் டிக்கெட் இருந்தது. இவன் வழக்கு எங்குமே இல்லை. கேட்டால், 'சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் கோர்ட்டுக்கு நேரில் போய் எடுப்பார்கள்' என்று சொல்லி ஒரு பெரிய தொகை வாங்கினார்கள். அது போக, அந்த ஒரு டாலர் வெறும் சோதனைக் கட்டணமாம். மாதாமாதம் கார்டில் சந்தாவும் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் தபாலில் வந்தது என்ன தெரியுமா? யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய வழக்குச் சுருக்கப் பக்கத்தின் பிரின்ட் அவுட். மேலே தங்க நிறத்தில் அந்த நிறுவனத்தின் சொந்த முத்திரை, கீழே ஒரு நோட்டரியின் ஸ்டாம்ப். நம் ஊரில் கெஜட்டட் ஆபீசரிடமோ நோட்டரியிடமோ அட்டெஸ்ட் வாங்கிப் பழகிய நமக்கு அந்த ஸ்டாம்பைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் இங்கே நோட்டரி பெரும்பாலும் சொல்வது, இந்த ஆள் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்பதைத்தான். கோர்ட் ஆவணத்தின் நகலுக்குச் சான்று தரும் அதிகாரம் அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் கிளார்க்குக்கே உண்டு. வக்கீல் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நிறுவனத்துக்கு நானே போன் போட்டேன். நாங்கள் அரசாங்கம் என்று எங்கேயும் சொல்லவில்லை, பக்கத்தின் அடியில் எழுதியிருக்கிறோம் என்றார்கள். உண்மைதான், அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இருந்தது. ஒருவருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கும் விஷயத்தை அப்படி ஒளித்து வைப்பது எந்த வகையில் நேர்மை?

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. பின்னணித் தகவல் விற்கும் இரண்டு நிறுவனங்கள் மீது கூட்டாட்சி வணிக ஆணையம், அதாவது எஃப்.டி.சி., 2023 செப்டம்பரில் நடவடிக்கை எடுத்தது. வெறும் டிராஃபிக் டிக்கெட் இருப்பவரைக்கூடக் குற்றப் பதிவு உள்ளவர்போலக் காட்டிச் சந்தா கட்ட வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 58 லட்சம் டாலர் கட்டுவதாக அவர்கள் சமரசத்துக்கு வந்தார்கள். நாங்கள் மாட்டியது வேறு நிறுவனத்திடம், ஆனால் நடந்த விதம் அதேதான்.

சரி, முறையாக எப்படி வாங்குவது என்று சொல்கிறேன். முதல் கேள்வி, எந்தக் கவுண்டி? நீங்கள் குடியிருந்த கவுண்டி அல்ல, சம்பவம் நடந்த கவுண்டி. டெக்சாஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. டாலஸ் பக்கம் ஊர் எல்லையும் கவுண்டி எல்லையும் ஒத்தே போகாது. ஃப்ரிஸ்கோ காலின், டென்டன் என்ற இரண்டு கவுண்டிகளில் கிடக்கிறது. தம்பி குடியிருந்த ரிச்சர்ட்சனும் அப்படித்தான், பாதி டாலஸ் கவுண்டி, பாதி காலின். அவன் டாலஸ் கவுண்டி என்றே நினைத்திருந்தான். கடை இருந்ததோ காலின் கவுண்டிப் பக்கம். வழக்கு மெக்கின்னியில் பதிவாகியிருந்தது. அந்தத் தளம் டாலஸ் கவுண்டியின் பெயரைப் போட்டுப் பணம் வாங்கியபோது, இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

அடுத்தது, எந்தக் கோர்ட்? டெக்சாஸில் கிளாஸ் சி என்ற மிகச் சிறிய வழக்குகள் ஊரின் முனிசிபல் கோர்ட்டிலோ ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டிலோ இருக்கும். அவற்றைக் கவுண்டி கிளார்க்கிடம் போய்த் தேடினால் கிடைக்காது. கிளாஸ் ஏ, பி மிஸ்டிமீனர்கள் பெரும்பாலான கவுண்டிகளில் கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும். ஃபெலனி என்ற பெருங்குற்ற வழக்கும் விவாகரத்தும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் மிஸ்டிமீனர் வழக்குகளும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம்தான். அதனால் போன் செய்யும்போதே 'இந்த வகை வழக்குக்கு நீங்கள்தானா?' என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

கிளார்க்கின் உண்மையான இணையப் பக்கத்துக்குப் போக நேராகத் தேடாதீர்கள். உங்கள் மாநில நீதித்துறையின் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து கவுண்டிப் பட்டியல் வழியாக உள்ளே போங்கள். மாநில நீதித்துறைப் பக்கங்கள் பெரும்பாலும் 'டாட் கவ்' என்று முடியும். ஆனால் எல்லாக் கவுண்டிகளும் அப்படி முடிவதில்லை. டாட் காம், டாட் ஆர்க் என்று முடியும் உண்மையான கவுண்டிகளும் இருக்கின்றன. இன்னொன்று, பேசர் என்ற தளம் கூட்டாட்சி கோர்ட்டுகளுக்கு மட்டும்தான். அது அரசின் தளமே, பக்கத்துக்கு 10 சென்ட்தான், ஆனால் கவுண்டி வழக்கு அதில் இருக்காது.

நம் பெயர்தான் அப்புறம் பெரிய தொல்லை. அப்பா பெயரோ இனிஷியலோ கடைசிப் பெயராகிவிடும், பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் காலியாக இருந்தால், இருக்கும் பெயரைக் கடைசிப் பெயராக்கி, முதல் பெயருக்கு எஃப்.என்.யு., அதாவது 'முதல் பெயர் தெரியாது' என்று போட்டிருப்பார்கள், நீளமான பெயரைப் போலீஸ்காரர் தப்பாக எழுதியிருப்பார். பெயர் கார்த்திகேயன், அப்பா ராமசாமி என்றால் இரண்டையும் முன்பின்னாக மாற்றிப் போட்டுத் தேடுங்கள். முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டுப் பிறந்த தேதியோடு தேடுங்கள். தம்பியின் வழக்கு அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போன நிலையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது கிளார்க் அலுவலகத்தில் இருந்த ஒரு அம்மா. பிறந்த தேதியைக் கேட்டு, பொறுமையாகத் தேடி, 'காஸ் நம்பர்' என்று இங்கே சொல்லும் வழக்கு எண்ணை எழுதிக் கொடுத்தார். அந்த எண் கையில் வந்துவிட்டால் மற்ற வேலை சுலபம்.

கேட்கும்போது, என் ரெக்கார்டு வேண்டும் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். குற்றச்சாட்டுப் பத்திரம், வழக்கின் இறுதி உத்தரவு, இரண்டுக்கும் சர்ட்டிஃபைடு காப்பி என்று கேளுங்கள். ஒவ்வொன்றிலும் கிளார்க்கின் முத்திரையும் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். டெக்சாஸில் பக்கத்துக்கு ஒரு டாலர் கணக்கு, சான்றுக்கு இன்னும் சில டாலர். தபாலில் கேட்பதென்றால் சில அலுவலகங்கள் சொந்தச் செக்கை வாங்காது, மணி ஆர்டர் கேட்கும். ஸ்டாம்ப் ஒட்டிய உறையும் சேர்த்து அனுப்புவது நல்லது. பதிவு அழிந்துவிட்டது, கிடைக்கவில்லை என்று சொன்னால் சும்மா திரும்பி வராதீர்கள். 'இந்தப் பெயரில் பதிவு இல்லை' என்று கிளார்க் சான்றிட்டுத் தரும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், அதுவும் ஆவணம்தான்.

வழக்குப் பதிவை அழிக்க எக்ஸ்பங்ஷன் போட நினைப்பவர்கள், அதற்கு முன்பே சான்றிட்ட நகல்கள் மூன்று நான்காவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகு கோர்ட்டில் நகல் கிடைக்காது, ஆனால் குடியேற்றத் துறை அப்போதும் கேட்கும். டிஃபர்டு அட்ஜுடிகேஷன், அதாவது தீர்ப்பைத் தள்ளிவைத்து நிபந்தனைகளை முடிக்கச் சொல்லும் முறை, என்று முடிந்த வழக்கு கோர்ட் காகிதத்தில் 'தள்ளுபடி' என்றே இருந்தாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதாவது தண்டனையோ கட்டுப்பாடோ ஏற்றிருந்தால் குடியேற்றச் சட்டத்தில் அது தண்டனைத் தீர்ப்பாகவே எண்ணப்படும். இதில் மட்டும் வக்கீலைக் கேட்காமல் எதையும் அனுப்பாதீர்கள். டிராஃபிக் டிக்கெட்டை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல்: சிட்டிசன்ஷிப் படிவமான என்-400இல், கைது இல்லாமல் 500 டாலருக்குக் குறைந்த அபராதமோ லைசென்ஸில் பாயின்டோ மட்டும் என்றால், மதுவும் போதையும் சம்பந்தப்படாதவரை ஆவணம் இணைக்கத் தேவையில்லை.

விவாகரத்துத் தீர்ப்புக்காகத் தேடுகிறவர்களையும் இதே தளங்கள் குறிவைக்கின்றன. டெக்சாஸ் மாநில அலுவலகம் தருவது 'இந்த விவாகரத்து பதிவாகியிருக்கிறது' என்ற உறுதிக் கடிதம் மட்டுமே. தீர்ப்பின் நகல் வழக்கு நடந்த கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம்தான் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் அந்தந்தக் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட். பென்சில்வேனியாவில் பெரும்பாலான கவுண்டிகளில் ப்ரோத்தோனோட்டரி என்ற அதிகாரி. நியூயார்க்கில் கவுண்டி கிளார்க். அங்கே கோர்ட் உத்தரவு இல்லாமல் விவாகரத்துக் கோப்பை வழக்கின் இரு தரப்பும் அவர்களின் வக்கீல்களும் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது. அதனால் நியூயார்க் விவாகரத்துக் கோப்பை எடுத்துத் தருகிறோம் என்று எந்தத் தளமாவது சொன்னால் ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். நியூ ஜெர்சியில் சிறு வழக்குகள் ஊர் முனிசிபல் கோர்ட்டில் இருக்கும், எடிசனில் பிடிபட்டால் எடிசனில் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் உடனே சந்தாவை ரத்து செய்து, ரத்து செய்ததற்கான மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தம்பிக்குச் சந்தாப் பணம் திரும்ப வந்தது. நகல் எடுத்துத் தருவதாக வாங்கிய பெரிய தொகை வரவில்லை, ஏதோ ஒரு காகிதத்தை அனுப்பிவிட்டார்களாம், அதனால் சேவை நடந்ததாகக் கணக்காம். எஃப்.டி.சி.க்கும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் புகார் எழுதியிருக்கிறோம். பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் கொடுத்துவிட்டவர்கள் நம் கடன் வரலாற்றை வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிலும், உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்காதபடி கிரெடிட்டை முடக்கி வையுங்கள், 2018இலிருந்து அது இலவசம். கார்டை மாற்றினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சந்தா வாங்கும் நிறுவனங்களுக்குப் புதுக் கார்டு எண் தானாகவே போய்ச் சேரும் வசதி இருக்கிறது, அதனால் இந்த நிறுவனத்தை முழுவதுமாகத் தடுத்துவிடுங்கள் என்று வங்கியிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.